வளர்க்கும் பிள்ளையும் வரிக் கணக்கும்

கொம்பனித்தெருப் புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லத்தக்க தொலைவில், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலே உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் உயர்ந்து நிற்கின்றது. ஆண்டுதோறும் இலங்கையர் பலருடைய வருவாய்க் கணக்குகள் அங்கே போய்ச் சேருகின்றன. சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வங்கி வட்டி எவ்வளவு என்றெல்லாம் வினவப்படுகின்றது. ஆயினும் ஒரு வினாவுக்கு மட்டும் அக்கணக்கிலே பயன் இல்லை. "உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் உண்கின்றனர்?" என்பதே அவ்வினா. பிள்ளை ஒன்றாயினும் ஐந்தாயினும், பெற்ற பிள்ளையாயினும் எடுத்து வளர்க்கும் பிள்ளையாயினும், செலுத்தவேண்டிய வரி ஒன்றே.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வாழும் உறவினர், தாம் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்ததாகவும் அதற்காக அரசாங்கம் வரியைக் குறைத்ததாகவும் எழுதும்போது இங்குள்ளோர் வியப்படைகின்றனர். "அங்கே அப்படியாயின் இங்கே ஏன் இல்லை?" என்று மாணவர் கேட்பதும் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். வரி என்பது வெறும் எண் அன்று. ஒரு நாடு எதனை மதிக்கின்றது, எதனைக் காணாது விடுகின்றது என்பதைக் காட்டும் கண்ணாடி அது. ஆதலின் மகவேற்புக்கும் வரிக்கும் உள்ள தொடர்பினைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

மஞ்சள் நீரிலிருந்து மன்றம் வரை

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தல் நமக்குப் புதியதன்று. வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடந்த குழந்தையை நம்பிராசன் எடுத்து வளர்த்தமையாலன்றோ முருகனுக்கு வள்ளி நாயகி வாய்த்தாள்! துளசி வனத்திலே கண்டெடுத்த ஆண்டாளைப் பெரியாழ்வார் வளர்த்தார். தேர்ப்பாகன் மனைவி இராதை வளர்த்தமையால் கர்ணன் இராதேயன் என்னும் பெயர் பெற்றான். பெற்றவள் அளித்த பெயரன்று அது. வளர்த்தவள் அளித்த பெயர்.

கதையில் அன்பு போதும். சொத்து என்று வந்துவிட்டாலோ சாட்சி வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டிலே திரட்டியபோது, தேசவழமையில் சுவீகாரத்திற்கும் ஓர் இடம் அளித்தார். அக்காலத்துச் சுவீகாரம் உறவினர் அறிய மஞ்சள் நீர் அருந்தும் சடங்கோடு நிகழ்ந்தது. உரிமையுள்ள சுற்றத்தாரின் சம்மதம் அதற்கு இன்றியமையாததாயிற்று. பிள்ளை வருவதனால் யாருடைய பங்கு குறையுமோ அவர்கள் அறியவே அது நடைபெறவேண்டும் என்பது அதன் உட்கருத்து. கண்டியச் சட்டத்திலும் இதே கவலை இருந்தது. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை பெறும் பொருட்டுச் செய்யும் மகவேற்பு நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் அமைதல் வேண்டும் என்று விதித்தது.

இவற்றுக்குப் பின்னர் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவாக வந்தது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம். இன்றும் அடிப்படையாக விளங்குவது அதுவே. மகவேற்க விரும்புவோர் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்துக் கட்டளை பெறுதல் வேண்டும். கொழும்பு வாசிகளுக்குப் புதுக்கடை நீதிமன்றமே வாசல். விண்ணப்பிப்பவர் 25 வயதுக்குக் குறையாதவராயும், பொதுவாகப் பிள்ளையிலும் 21 வயதேனும் மூத்தவராயும் இருத்தல் வேண்டும். பத்து வயது கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் கேட்கப்படும். பிள்ளையின் நலனுக்கு ஏற்றதா என்பதையும், பிள்ளைக்காகப் பணமோ வெகுமதியோ கைமாறவில்லை என்பதையும் நீதிபதி உறுதி செய்துகொள்வார். இந்தக் கடைசி நிபந்தனையை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

கொம்பனித்தெருவில் நம் அயலவராய் வாழும் முஸ்லிம், மலாய் மக்களின் மரபு வேறு. அநாதையைப் பேணுதல் அவர்கள் மார்க்கத்திற் பேரறம். எனினும் வளர்க்கும் பிள்ளைக்குப் பெற்ற தந்தையின் வழியே நிலைக்கும். அறம் ஒன்று, சட்ட வடிவம் பல என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு செட்டியாரின் மரணவரி வழக்கு

சுவீகாரமும் வரியும் இலங்கையிலே நேருக்கு நேர் சந்தித்த வழக்கு ஒன்று உண்டு. சட்டம் பயிலும் மாணவர் இன்றும் படிக்கும் வழக்கு அது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்புச் செட்டியார்தெருவிலும் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்திப் பெரும் பொருள் ஈட்டியமையை யாவரும் அறிவர். அவர்களுள் ஒருவர் அருணாசலம் செட்டியார். அவருடைய மகன் முன்னரே இறந்துபோக, தந்தையாரும் 1938ஆம் ஆண்டில் காலமானார். குடும்பத்திலே ஆண் வாரிசு எஞ்சவில்லை, விதவைகளே எஞ்சினர்.

இலங்கை அரசாங்கம் மரணவரி கேட்டது. மரணவரிக் கட்டளைச் சட்டத்தின் 73ஆம் பிரிவோ, பிரிபடாத இந்துக் குடும்பத்தின் உறுப்பினர் ஒருவர் இறக்கும்போது அக்குடும்பத்தின் பொதுச் சொத்துக்கு மரணவரி இல்லை என்று விலக்களித்திருந்தது. எனவே வழக்கு ஒரே வினாவில் வந்து நின்றது: தனியோர் ஆண்மகன் மாத்திரம் இருந்த குடும்பத்தைப் பிரிபடாத குடும்பம் எனல் தகுமா? அவர் கையிலிருந்தது அவருடைய தனிச் சொத்தா, குடும்பப் பொதுச் சொத்தா?

தனியொருவர் நினைத்தபடி ஆளத்தக்க சொத்தினைப் பொதுச் சொத்து என்பது எங்ஙனம் என்று அரசாங்கத் தரப்பு வாதித்தது. வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகமாகிய பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1957ஆம் ஆண்டிலே அம்மன்று அரசாங்கத்தின் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தது. காரணம் நம் கவனத்துக்கு உரியது. குடும்பத்திலுள்ள விதவைகளுக்குச் சீவனாம்ச உரிமை உண்டு. அவர்கள் வாயிலாக ஒரு மகனைத் தத்தெடுத்துக் குலத்தைத் தொடரவைக்கும் வாய்ப்பும் உண்டு. அங்ஙனம் வரத்தக்க ஒருவனுக்காகக் குடும்பம் இன்னும் உயிரோடு இருக்கின்றது. சொத்தும் பொதுச் சொத்தாகவே இருக்கின்றது என்று மன்று கண்டது.

இன்னும் வீட்டுக்கு வராத சுவீகாரப் பிள்ளையின் பொருட்டு ஒரு பெரும் வரி நீங்கிற்று! அந்த மரணவரி 1980களிலே இலங்கையில் ஒழிக்கப்பட்டுவிட்டது. வழக்கின் பாடமோ பழையதாகவில்லை. குடும்பம் யாது, பிள்ளை யார் என்று சட்டம் எவ்வாறு வரையறுக்கின்றதோ அதற்கேற்பவே வரியும் அமையும்.

அன்றைய கழிவுகளும் இன்றைய கணக்கும்

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கிற்று. மனைவி மக்களைப் பேணுவோருக்கு வருமானத்திலே கழிவு அளிக்கும் முறை முன்னாளில் இருந்தது. பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையை ஒட்டி 1959ஆம் ஆண்டில் செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி ஆகியவை வந்தபோதும் குடும்பம் என்னும் எண்ணம் வரிச் சிந்தனையில் இடம் பெற்றிருந்தது. ஒரே வருவாயில் இருவர் வாழ்வதும் எழுவர் வாழ்வதும் ஒன்றல்ல என்பது அக்காலத்தார் ஒப்புக்கொண்ட உண்மை.

இப்போது நடைமுறையில் உள்ளது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டம். இது தனி ஆளையே நோக்குகின்றது. கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. ஒவ்வொருவருக்கும் ஒரு தனியாள் விடுதொகை. அத்தொகை தொடக்கத்தில் 5 இலட்சம் ரூபாவாயிருந்தது. 2020இல் 30 இலட்சமாயிற்று. 2023 சனவரி முதல் 12 இலட்சமாகச் சுருங்கிற்று. 2025 ஏப்பிரல் முதல் 18 இலட்சமாக உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட வருமானத்தில் முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6, அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, அடுத்த 5 இலட்சத்துக்கு 30, எஞ்சியதற்கு 36 என 2025 ஏப்பிரலில் வரிப்படிகள் வகுக்கப்பட்டன.

இடையிலே ஒரு சிறு ஒளி தோன்றி மறைந்தது. 2020ஆம் ஆண்டு தொடக்கம் 2022ஆம் ஆண்டு முடிவு வரை, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் கல்விச் செலவு, வீட்டுக் கடன் வட்டி முதலியவற்றுக்காக ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா வரை கழிவு பெற இடமிருந்தது. பொருளாதார நெருக்கடியின் பின் வந்த 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு அது நின்றுபோயிற்று.

இரண்டு வீடுகள்

எண்ணைக் கொண்டு பார்த்தாலன்றி இதன் விளைவு விளங்காது. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் வீட்டில் கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்க்கின்றனர். ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் 150,000 ரூபா. ஆண்டுக்கு ஒவ்வொருவருக்கும் 18 இலட்சம். விடுதொகை முழுவதையும் மூடிவிடுகின்றது. இருவருக்கும் வருமான வரி இல்லை.

இரண்டாம் வீட்டிலும் முன்பு இருவர் உழைத்தனர். பின்னர் அவர்கள் ஒரு பிள்ளையை மகவேற்றனர். தாயற்று, நிலையத்திலே சில ஆண்டுகள் வாழ்ந்த பிள்ளை; இரவில் அஞ்சி விழிக்கும்; பள்ளியில் ஒட்டாது. அதன் அருகிலே ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்று கண்டு மனைவி வேலையைத் துறந்தாள். கணவன் கூடிய பொறுப்பேற்று மாதம் 300,000 ரூபா சம்பாதிக்கின்றான். வீட்டுக்குள் வரும் பணம் முதல் வீட்டுக்குச் சமமே: ஆண்டுக்கு 36 இலட்சம். ஆனால் விடுதொகை ஒன்றுதான். எஞ்சும் 18 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 60,000. அடுத்த 5 இலட்சத்துக்கு 90,000. மீதி 3 இலட்சத்துக்கு 72,000. ஆக 222,000 ரூபா வரி. மாதக் கணக்கில் 18,500 ரூபா.

வருவாய் சமம், வாய்கள் ஒன்று கூடுதல், வரியோ முதல் வீட்டாருக்கு இல்லாத 222,000 ரூபா! மனைவியின் பயன்படாத விடுதொகையைக் கணவன் கணக்கிலே சேர்க்க வழியில்லாமையே இதற்குக் காரணம். பெற்ற பிள்ளையின் பொருட்டு வேலையைத் துறக்கும் தாய்க்கும் இதே நிலைதான். வரிச் சட்டம் மகவேற்றோரை வெறுக்கின்றது என்று சொல்லுதல் பொருந்தாது. அவர்களைக் காணவில்லை என்பதே பொருந்தும்.

கொடைக்குச் சலுகை, தொட்டிலுக்கு இல்லை

அப்படியானால் நம் சட்டம் எந்த நற்செயலுக்கும் சலுகை தருவதில்லையா எனின், தருகின்றது. நோயாளரையும் வறியோரையும் நிலையங்களில் வைத்துப் பராமரிக்கும் அங்கீகாரம் பெற்ற தரும நிறுவனத்துக்குப் பணமாக நன்கொடை அளிப்பவர், வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, இவற்றுள் எது குறைந்ததோ அதனைக் கழித்துக்கொள்ளலாம். மேலே கூறிய கணவன் அத்தகைய நிறுவனத்துக்கு 75,000 ரூபா கொடுப்பானாயின், நூற்றுக்கு 24 என்னும் படியில் 18,000 ரூபா வரி குறையும். வீட்டுக் கூரையிலே சூரியத் தகடு பதித்து மின்வலையோடு இணைப்பவருக்கும் ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா வரை கழிவு உண்டு.

இவ்விரண்டும் நல்லனவே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நிலையத்தில் வாழும் பிள்ளைக்குப் பணம் அனுப்பினால் வரி குறைகின்றது. அதே பிள்ளையை அழைத்து வந்து, தன் தட்டில் உணவிட்டு, தன் பெயரைக் கொடுத்து, திருமணம் வரை தாங்கினால் வரியிலே ஒரு சதமும் குறைவதில்லை. வெயிலை வீட்டுக்குள் கொண்டுவருபவனுக்கு உள்ள மதிப்புப் பிள்ளையைக் கொண்டுவருபவனுக்கு இல்லை என்றால், அது சட்டம் இயற்றியோரின் கருணைக் குறைவன்று. எவரும் அவர்கள் காதிலே எடுத்துச் சொல்லாமையின் விளைவே எனலாம்.

கடல் கடந்த நாடுகளில்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதற்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று உதவிப்பணம், மற்றையது வரி வரவு. 1980ஆம் ஆண்டின் மகவேற்பு உதவி, சிறுவர் நலச் சட்டம், அரசின் பராமரிப்பிலிருந்து வெளிவரும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை ஏற்போருக்கு மாதந்தோறும் உதவிப்பணம் வழங்க வழி செய்தது. வயது கூடிய பிள்ளை, உடற்குறையுள்ள பிள்ளை, உடன்பிறந்தாரோடு பிரியாது வைக்கப்படவேண்டிய பிள்ளை ஆகியோரை ஏற்க முன்வருவோர் அரிதாயிருந்தமையே காரணம். பிள்ளையின் பராமரிப்புக்காக வரும் இவ்வுதவி பொதுவாகப் பெற்றோரின் வருமானமாகக் கணிக்கப்படுவதில்லை. அதற்கு வரியும் இல்லை.

இரண்டாவது கை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து 1997 முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றச் செலவு, சட்டத்தரணிக் கூலி, பயணச் செலவு முதலியவற்றுக்காக ஒரு பிள்ளைக்கு 5,000 டொலர் வரையும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளையாயின் 6,000 டொலர் வரையும் வரியிலேயே கழித்துக்கொள்ள அது இடமளித்தது. 2025ஆம் வரியாண்டில் அதன் உச்ச எல்லை 17,280 டொலராக வளர்ந்துள்ளது. சிறப்புத் தேவையுள்ளதென்று அங்குள்ள மாநிலம் தீர்மானித்த பிள்ளையை ஏற்றால், செலவு குறைவாயினும் முழு வரவுக்கும் உரிமையுண்டு. வருவாய் மிக உயர்ந்தவர்களுக்கு அது படிப்படியாகக் குறைந்து மறையும். ஒரே செலவுக்கு அரசின் உதவியையும் வரி வரவையும் இருமுறை பெறுதல் கூடாது.

கனடாவில் 2005ஆம் ஆண்டு முதல் மகவேற்புச் செலவுக்கு வரி வரவு உண்டு. தொடக்கத்தில் 10,000 கனடிய டொலர் வரையிலான செலவு கணக்கிற் கொள்ளப்பட்டது. 2014இல் அவ்வெல்லை 15,000 ஆயிற்று. பின்னர் விலைவாசியோடு ஏறுகின்றது. ஆனால் செலவு முழுவதும் கைக்கு வருவதாக எண்ணுதல் கூடாது. மிகக் கீழான வரிப்படியின் விகிதத்தால் பெருக்கி வரும் தொகையே வரியில் குறையும். ரொறன்ரோவில் வாழும் உறவினர் "பதினையாயிரம் கழித்தார்கள்" என்று எழுதினால் அதனை இவ்வாறு விளங்கிக்கொள்க.

கழிவும் வரவும் ஒன்றல்ல

மாணவர் இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் நன்று. கழிவு என்பது வருமானத்திலிருந்து குறைப்பது. வரவு என்பது வரியிலிருந்தே குறைப்பது. ஓர் இலட்சம் ரூபாவைக் கழிவாகத் தந்தால், நூற்றுக்கு 36 என்னும் படியில் உள்ள செல்வனுக்கு 36,000 ரூபா மிஞ்சும். நூற்றுக்கு 6 என்னும் படியில் உள்ளவனுக்கு 6,000 ரூபாவே மிஞ்சும். அதே இலட்சத்தை வரவாகத் தந்தால், அவ்வளவு வரி செலுத்தவேண்டியவர் இருவருக்கும் ஓர் இலட்சம் முழுவதும் மிஞ்சும்.

ஆனால் வரியே செலுத்தாத ஏழைக்கு? கழிவாலும் பயனில்லை, வரவாலும் பயனில்லை. கொடுக்கவேண்டிய வரி இல்லாதவனிடம் எதைக் குறைப்பது? அதனால்தான் மீளளிக்கத்தக்க வரவு என்றொரு வகை தோன்றிற்று. வரி இல்லாவிடினும் தொகையைப் பணமாகவே கையிற் கொடுப்பது அது. அமெரிக்காவில் 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மகவேற்பு வரவு முழுவதும் இவ்வாறு வழங்கப்பட்டது, பின்னர் நின்றது. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் 5,000 டொலர் வரை மீண்டும் மீளளிக்கத்தக்கதாயிற்று.

இந்நுட்பம் நம் நாட்டுக்கு மிகவும் வேண்டியது. மாதம் 150,000 ரூபாவுக்குக் குறைந்த சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே மிகப் பல. அவை வருமான வரி செலுத்துவதில்லை. ஆயினும் 2024 சனவரி முதல் நூற்றுக்கு 18 ஆக உள்ள பெறுமதி சேர் வரியைக் கடைதோறும் செலுத்துகின்றன. பிள்ளையின் சப்பாத்திலும் புத்தகப் பையிலும் அந்த வரி ஒளிந்திருக்கின்றது. இத்தகைய வீட்டார் ஒரு பிள்ளையை ஏற்றால், வருமான வரிச் சலுகை அவர்கள் வாசலை எட்டாது. உதவிப்பணமே எட்டும்.

எச்சரிக்கை ஒன்று

மகவேற்புக்குப் பணச் சலுகை என்றவுடன் அஞ்சவேண்டியதும் ஒன்றுண்டு. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவற்றுட் பலவற்றில் பொய்ப் பத்திரங்களும், பெற்ற தாயைப் போல நடிக்க வந்த பெண்களும், தரகர் கைக்கு மாறிய பணமும் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. 2017ஆம் ஆண்டில் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இதனை உலகறியச் செய்தது. 2020இல் சுவிற்சர்லாந்து அரசாங்கம் தன் அதிகாரிகளின் கவனக்குறைவுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து, வெளிநாட்டு மகவேற்பினை இடைநிறுத்திற்று. இலங்கையிலும் 1992ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வெளிநாட்டார்க்குரிய விதிகளை இறுக்கியது.

பணம் கைமாறவில்லை என்று நீதிபதி உறுதி செய்யவேண்டும் என்ற நிபந்தனையின் பெருமை இப்போது விளங்கும். பிள்ளையைப் பெறுவதற்குப் பணம் தந்தால் தரகன் வருவான்; பிள்ளையை வளர்ப்பதற்குப் பணம் தந்தால் பாற்காரனும் பள்ளியும் மருத்துவரும் அதனைப் பெறுவர். ஆதலின் சலுகை எவ்வகையாயினும் அது மகவேற்புக் கட்டளை கிடைத்த பின்னர், ஆண்டுதோறும், வளர்ப்புச் செலவை ஒட்டியே அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து.

செய்யத்தக்கவை

அரசாங்கம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள வீட்டில் ஒருவரே உழைப்பாராயின், மற்றவரின் விடுதொகையில் ஒரு பகுதியையேனும் அவர் கணக்கிலே சேர்க்க இடமளித்தல். இரண்டாவது, தரும நிறுவனத்துக்குக் கொடுப்பவருக்கு உள்ள கழிவினை, நிலையத்திலிருந்து பிள்ளையை மகவேற்றவருக்கும் நீட்டுதல். மூன்றாவது, வரி எல்லைக்குக் கீழுள்ளோர் நோயுற்ற பிள்ளையையோ, வயது கூடிய பிள்ளையையோ, உடன்பிறந்தார் கூட்டத்தையோ ஏற்கும்போது மாத உதவி வழங்குதல். இறைவரி குறையுமே என்பார்க்கு ஒரு விடை உண்டு: நிலையத்தில் வாழும் பிள்ளைக்கும் எவரோ செலவு செய்துகொண்டே இருக்கின்றனர், அச்செலவு கணக்கிலே தெரியாமல் இருப்பதனால் இல்லாமற் போய்விடுவதில்லை.

குடும்பத்தார் செய்யத்தக்கவையும் உண்டு. அவை அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவேண்டாதவை. பிள்ளையை எடுத்து வளர்த்தாற் போதும் என்று எண்ணி, நீதிமன்றக் கட்டளை பெறாது காலம் கடத்துவோர் நம்மிடையே உளர். அன்பில் அவர்களுக்குக் குறைவில்லை. எனினும் மரண சாதனம் எழுதாமலே வளர்த்த தந்தை கண்ணை மூடினால், அந்தப் பிள்ளை சட்டத்தின் கண்ணுக்கு அவ்வீட்டிலே விருந்தாளி. உடன்பிறந்தார் மக்கள் வந்து வீட்டைப் பங்கிடும்போது, இருபது ஆண்டு அப்பா என்று அழைத்த பிள்ளை வாசலில் நிற்கும். கட்டளை பெற்றுவிட்டாலோ அப்பிள்ளை, முறைப்படி மணந்தோருக்குப் பிறந்த பிள்ளையின் நிலையை அடையும்.

கட்டளை பெற்றோரும் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. மகவேற்ற தந்தை முன்னதாக இறந்து, பாட்டனார் பின்னர் இறந்தால், தந்தையின் இடத்தில் நின்று பாட்டனார் சொத்திலே பங்கு கேட்கும் உரிமை, கட்டளையில் வெளிப்படையாகக் கூறப்பட்டாலன்றி, மகவேற்ற பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. எனவே கட்டளை பெறும் வேளையிலேயே இதனைச் சட்டத்தரணியோடு ஆலோசித்தலும், பெரியவர்கள் மரண சாதனத்திலோ நன்கொடை உறுதியிலோ பிள்ளையின் பெயரைத் தெளிவாக எழுதிவைத்தலும் அறிவுடைமை. மகவேற்ற பிள்ளைகளின் பதிவேட்டினைப் பேணுபவர் பதிவாளர் நாயகம். அவரிடமிருந்து அத்தாட்சிப் பத்திரத்தைப் பெற்று, பள்ளி அனுமதிக்கும் அடையாள அட்டைக்கும் கடவுச் சீட்டுக்கும் உதவுமாறு பத்திரப்படுத்துக. வெளிநாட்டிலுள்ள உறவினர் இங்கிருந்து மகவேற்க விரும்பினால், தமக்குத் தெரிந்த வழியிலே தொடங்காது, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வழியே செல்லுமாறு அவர்களுக்கு எழுதுக. அவர்கள் நாட்டு வரி வரவைக் கேட்பதற்கும் இறுதியிலே முறையான பத்திரமே துணை.

வரி குறையும் என்பதற்காகப் பிள்ளை வளர்ப்பவர் உலகில் இல்லை. குறையாது என்பதற்காகக் கைவிடுபவரும் இல்லை. ஆனால் மாதம் 18,500 ரூபா என்பது ஒரு பிள்ளையின் பாலும் பாடநூலும் மருந்தும் ஆகும். அத்தொகையை அவ்வீட்டிலேயே விட்டுவைப்பதா, எடுத்துக்கொள்வதா என்பதே கேள்வி. வரவு செலவுத் திட்ட விவாதத்திலே புகையிலையும் மதுவும் வாகன இறக்குமதியும் பேசப்படும்போது, நாடாளுமன்றத்துக்கு நாம் அனுப்பிவைத்தவருள் ஒருவரேனும் எழுந்து இக்கேள்வியையும் கேட்பாராக. கேட்குமாறு அவருக்குக் கடிதம் எழுதவேண்டியவர், வாக்குரிமையுள்ள நம் ஒவ்வொருவருமே.